சிக்குன்குனியா போய் நாலு மாதம், வலி போகவில்லை: பதினோரு மருந்தில் எது வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். அம்மாவுக்கு 54 வயது, எடை ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. நாலு மாதத்துக்கு முன் சிக்குன்குனியா வந்தது, காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் விட்டுவிட்டது, ஆனால் மணிக்கட்டு, விரல், கணுக்கால் வலி விடவில்லை. விடியற்காலையில் கத்தியைப் பிடிக்க முடியவில்லை, பத்து மணிக்குள் அசந்துபோகிறார், முடி கொத்தாகக் கொட்டுகிறது. சுகரும் பிரஷரும் முன்பே உண்டு. மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர், திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், அப்புறம் ஒரு வைத்தியசாலை, கல்ஃபிலிருந்து மாமா அனுப்பிய டப்பாக்கள், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஒரு பொட்டலம், எல்லாம் சேர்ந்து பதினோரு வகை. எதை நிறுத்தலாம், இன்னும் எந்த வைட்டமின் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் “இது வாதமாவே ஆயிடுச்சோன்னு அம்மா அழுறாங்க” என்று எழுதியிருக்கிறீர்களே, நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். வைட்டமினுக்கு அப்புறம் வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். கேரள எல்லைப் பக்கத்தில் மருந்துக் கடையில் பல வருடமாக நிற்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, மற்ற ஊர்க்காரர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. இங்கே ஆட்கள் தமிழ்நாட்டில் ஒரு டாக்டரைப் பார்ப்பார்கள், சரியாகவில்லை என்றால் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய் இன்னொருவரைப் பார்ப்பார்கள், முதல் சீட்டை இரண்டாமவரிடம் காட்டுவதற்குக் கூச்சம். இரண்டு பேரும் எழுதியது ஒரே மருந்தாகவோ ஒரே இனமாகவோ இருக்கும், கம்பெனிப் பெயர் மட்டும் வேறாக இருக்கும். வீட்டில் இரண்டையும் சேர்த்து விழுங்குவார்கள். உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டதும் அதுதான். ஒருவரைத் தொட்டுப் பார்க்காமல் என்ன நோய் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, ஆனால் மருந்துக்கும் மருந்துக்கும் இடையே என்ன நடக்கும் என்பது என் வேலை. அதை மட்டும் நம்பிக்கையோடு சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்பது அபூர்வமே இல்லை. மூன்று மாதம் தாண்டியும் வலி இருந்தால் நாள்பட்ட கட்டம் என்று சொல்வார்கள். எத்தனை பேருக்கு அப்படி ஆகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும், தோராயமாக மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், பெண்கள், முதலிலேயே மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள், காய்ச்சலின்போது மிகக் கடுமையாக வலித்தவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம் நீடிக்கிறது. அம்மா முதல் இரண்டிலும் வருகிறார். இவர்களில் பெரும்பாலோருக்கு மாதங்களில், சிலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில், படிப்படியாகக் குறையும். இடையிடையே தணிந்து தணிந்து மறுபடி கிளம்பும், அதைப் பார்த்து “மறுபடியும் சிக்குன்குனியா வந்துவிட்டது” என்று பயப்படுவார்கள். ஒருமுறை வந்தால் நீண்ட கால எதிர்ப்பு கிடைத்துவிடும், ஆகவே அது பெரும்பாலும் புதுத் தொற்று இல்லை, பழைய வீக்கத்தின் கிளர்ச்சிதான். வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், 2006, 2007இல் கேரளத்திலும் நம் பக்கத்திலும் பரவியபோது சுவரைப் பிடித்து நடந்தவர்களில் பெரும்பாலோர் அப்புறம் மறுபடி பால்வெட்டப் போனார்கள். அந்தச் சமயத்தில் கேரளத்தில் பரவிய வைரஸில் ஒரு சிறு மாற்றம் இருந்தது, ஏ226வி என்று அதற்குப் பெயர். அதனால் தோட்டத்து ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுவுக்குள் அது நன்றாகப் பெருகியது. பால் வெட்டாத மழைநாளில் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய, கவிழ்த்து வைக்காத சிரட்டை ஒவ்வொன்றும் அந்தக் கொசுவுக்குப் பிரசவ வார்டு. (அம்மா வேலைக்குத் திரும்பியதும் சிரட்டையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மறுபடி வராது என்றாலும் கூட வெட்டுகிறவர்களுக்கு வரலாம்.)

வைரஸைக் கொல்லும் மருந்து இதற்கு எதுவும் அங்கீகரிக்கப்படவில்லை, அப்படி ஒன்று இருந்தாலும் நாலு மாதத்துக்குப் பிறகு அதனால் பலன் இருக்குமா என்பது வேறு கேள்வி. கோவிட்டிலும் இதே ஆசை இருந்தது. நீண்ட நாள் தொந்தரவு உள்ளவர்களுக்கு நிர்மாட்ரெல்விர் என்ற கோவிட் வைரஸ் மருந்தைப் பதினைந்து நாள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2024இல் வெளியானது, ஒப்பீட்டுக்கு அந்த மருந்து இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் தேறவில்லை. ஆகவே யாராவது “மிச்சமிருக்கிற கிருமியை வெளியேற்ற” என்று எதையாவது விற்றால் பர்ஸை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வலியின் ஜாதி. எந்த மருந்து வேண்டும் என்பது இதை வைத்துத்தான். காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அம்மாவைக் கேளுங்கள். பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது, வேலை செய்யச் செய்யத்தான் வலி கூடுகிறது என்றால் ஒரு விதம். அரை மணி, ஒரு மணி நேரம் விறைத்திருந்து, அசைக்க அசைக்க இளகுகிறது என்றால் மூட்டுக்குள் அழற்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஒரு சின்ன சோதனை: அம்மாவின் கையை, கைகுலுக்குவதுபோல் பிடித்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் அந்த முட்டிகளின் வரிசையைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்துங்கள். சுளீர் என்று வலித்துக் கையை இழுத்துக்கொண்டால், அல்லது முட்டிகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்கள் நிரம்பிச் சமமாக, தொட்டால் சூடாக இருந்தால், அது வைட்டமின் கதை இல்லை. மூட்டுவாத நிபுணர் பார்க்க வேண்டியது. மூன்றாவது விதம் எரிச்சல், மரப்பு, மின்சாரம் அடித்தாற்போல் குத்துவது. அது நரம்பு வலி, அதற்கு வலிமாத்திரைகள் அவ்வளவாகக் கேட்காது, இரவில் கொடுக்கும் சிறிய அளவு அமிட்ரிப்டிலினோ ப்ரீகாபலினோ கேட்கும். ப்ரீகாபலின் தலை சுற்ற வைக்கும், இருட்டில் தோட்டத்துக்குள் நடப்பவருக்கு அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, பைக்குள் போவோம். முதலில் அந்தப் பொட்டலம். பேர் இல்லாத, காகிதத்தில் மடித்த சின்ன வெள்ளை மாத்திரை, “இது போட்டால் மட்டும் சாயந்தரத்துக்குள் அம்மா நல்லா நடக்கிறாங்க” என்கிறீர்கள். அதே கேள்வியில், வேறொரு வரியில், வழக்கமாக 150க்குப் பக்கத்தில் நிற்கும் சுகர் ஆறு வாரமாக 260, 280 போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது ஸ்டீராய்டு. மாத்திரையைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் சந்தேகம் பலமானது. டெக்ஸாமெத்தாசோன் அரை மில்லிகிராம் என்றால் கடுகு மாதிரி கேவலமாக நினைப்பார்கள். அது ப்ரெட்னிசலோன் மூன்று மில்லிகிராமுக்கும் மேல் சமம், “வலி ஜாஸ்தி, ரெண்டு போட்டுக்கோ” என்று நாளைக்கு நாலு போனால் கணக்கு எங்கே நிற்கும் பாருங்கள். டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து இது. டாக்டர்களும் சிக்குன்குனியா வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு, அதில் தவறில்லை. குறைந்த அளவில், சில வாரத்துக்கு, படிப்படியாகக் குறைத்து, சுகரைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். நிறுத்தியதும் வலி திரும்பும், அதனாலேயே ஆட்கள் விடமாட்டார்கள். இதைப் படித்ததும் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! மூன்று வாரத்துக்கு மேல் தினமும் போட்டிருந்தால் உடம்பு தானே சுரக்க வேண்டிய ஹார்மோனைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கிக் கிறங்கிப் போவது எல்லாம் நடக்கும், சில சமயம் ஆபத்தாகவும் முடியும். மாத்திரையோடு அப்படியே டாக்டரிடம் போங்கள், எத்தனை நாளாக எத்தனை என்று மறைக்காமல் சொல்லுங்கள், குறைப்பதை அவர் எழுதித் தரட்டும். இந்த வாரமே போங்கள்.

அடுத்தது வலிமாத்திரைகள், இங்கேதான் இரண்டு டாக்டர் கதை. மார்த்தாண்டத்துச் சீட்டில் அசெக்லோஃபெனாக், பாராசிட்டமால், செர்ராசியோபெப்டிடேஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை, காலை இரவு. திருவனந்தபுரத்துச் சீட்டில் எட்டோரிகாக்சிப் 90, தினம் ஒன்று. இரண்டும் ஒரே இனம். சேர்த்துப் போட்டால் வலி இரட்டிப்பாகக் குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சுமையும்தான் ஏறும். எந்த டாக்டரும் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லியிருக்க மாட்டார், ஒருவருக்கு மற்றவர் எழுதியது தெரியாது, அவ்வளவுதான். இதில் அம்மாவின் பிரஷர் மாத்திரை டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. டெல்மிசார்டான் வகை, நீர் பிரிய வைக்கும் மருந்து, வலிமாத்திரை, இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் படுத்துவிடலாம் என்பது எங்கள் படிப்பில் அடித்துச் சொல்லித்தரும் பாடம். வேர்த்து விறுவிறுத்து மலைச்சரிவில் வேலை செய்து, கட்டன்சாயா தவிர வேறெதுவும் குடிக்காதவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். எட்டோரிகாக்சிப் பிரஷரையும் ஏற்றும். ஆக இதில் ஒன்றுதான் இருக்கலாம், அதுவும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்த பிறகு, குறைந்த நாளுக்கு. இரத்தப் பரிசோதனை முடியும்வரை இரண்டையும் தள்ளிவைத்துவிட்டுப் பாராசிட்டமால் மட்டும் போதுமா என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் போனிலாவது இன்றே கேளுங்கள். பாராசிட்டமால் 650 ஒரு நாளைக்கு மூன்று என்றால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை, அம்மா மாதிரி மெலிந்தவர்களுக்கு எல்லாக் கணக்கும் சேர்த்து 3 கிராமைத் தொட விடாதீர்கள், கூட்டு மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். செர்ராசியோபெப்டிடேஸ் வீக்கத்தைக் கரைக்கும் என்று நம் ஊரில் வாரி எழுதுகிறார்கள், ஜப்பானில் மறு ஆய்வில் பலன் நிரூபிக்க முடியாமல் அதைத் தயாரித்த கம்பெனியே 2011இல் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. வயிற்றுக்கான பேன்டோப்ரசோல் வலிமாத்திரை இருக்கும்வரை நியாயம், அது போனால் இதுவும் போகலாம்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மலேரியாவுக்கு வந்து வாதத்துக்கும் கொடுக்கும் மருந்து. திருவனந்தபுரத்து டாக்டர் எழுதியிருக்கிறார், 200 காலை மாலை. இது சந்தேகமான இடம், இங்கே நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. இதன் அண்ணன் குளோரோகுயினை ரீயூனியன் தீவில் 2006 வாக்கில் காய்ச்சல் கட்டத்திலேயே கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சலில் பலன் இல்லை, 200ஆம் நாள் கேட்டபோது அதைச் சாப்பிட்டவர்களில்தான் மூட்டுவலி அதிகம் பேருக்கு இருந்தது. புனே மருத்துவர்கள் நடத்தி 2014இல் வெளியான ஆய்விலும் சாதாரண வலிமாத்திரை மெலாக்ஸிகாமைவிடக் குளோரோகுயின் மேலாக நிற்கவில்லை. இவ்வளவு தெரிந்தும் டாக்டர்கள் ஏன் எழுதுகிறார்கள் என்றால், நீண்ட நாள் வாத வீக்கத்தில் அதற்கு ஓரளவு இடம் உண்டு, ஒப்பீட்டளவில் சாதுவான மருந்து, வேறு வழியும் குறைவு. அது நியாயமான முடிவுதான், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அளவைக் கேளுங்கள்: கண்ணின் பின்திரையைக் காக்க, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது வழக்கம். அம்மா ஐம்பது கிலோவுக்குக் கீழே என்றால் 250க்குள் வர வேண்டும், நாளுக்கு 400 மாதக்கணக்கில் போவது அதிகம். தொடர்ந்து சாப்பிடுவதென்றால் ஆரம்பத்திலேயே ஒருமுறை கண் பரிசோதனை வேண்டும். இது சுகரைக் கொஞ்சம் இறக்கவும் செய்யும். ஸ்டீராய்டு ஏற்ற, இது இறக்க, நடுவில் சுகர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால், ஸ்டீராய்டு நின்ற அன்று சுகர் விழும். அதையும் மனதில் வையுங்கள்.

உண்மையில் வீக்கம் விடாப்பிடியாக இருந்தால் அடுத்து என்ன என்பதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கோழிக்கோட்டில் செய்து 2017இல் வெளியானது, 72 நோயாளிகள், 24 வாரம். ஒரு பிரிவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மட்டும், இன்னொரு பிரிவுக்கு வாத அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மூன்றும். மூன்றும் வாங்கியவர்கள் வீக்கத்திலும் அன்றாட வேலை செய்யும் திறனிலும் தெளிவாக மேலாக இருந்தார்கள். சின்ன ஆய்வு, யாருக்கு எது கொடுத்தார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும், அதனால் வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனால் “சிக்குன்குனியா வாதத்துக்கு வழியே இல்லை” என்று சொல்பவர்களிடம் காட்டப் போதும். டாக்டர் இதை எழுதினால் ஒரே ஒரு விஷயத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள். தினமும் அல்ல. தினமும் விழுங்கி வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடப்பது இன்றும் நடக்கிற விபத்து. கடையில் நான் அட்டையின் மேல் பேனாவால் “ஞாயிறு மட்டும்” என்று எழுதித்தான் கொடுப்பேன், படிக்கத் தெரியாதவர் என்றால் அன்றைக்கு மட்டும் எடுத்துத்தர வீட்டில் ஒரு ஆளைப் பொறுப்பாக்கச் சொல்வேன். கூடவே ஃபோலிக் அமிலமும், சில வாரத்துக்கு ஒருமுறை ஈரல், இரத்த அணுப் பரிசோதனையும் உண்டு.

இப்போது நீங்கள் கேட்ட வைட்டமின். வைட்டமின் டி 60,000 யூனிட், வாரம் ஒன்று. குறைபாடு இருந்தால் எட்டு வாரம் கொடுப்பது வழக்கம், அப்புறம் இடைவெளி விட்டு மாதம் ஒன்று. நாலு மாதமாக வாரம் ஒன்று விடாமல் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், யாரோ “நிறுத்து” என்று எழுத மறந்திருக்கிறார்கள். இது கொழுப்பில் தங்கும் வைட்டமின், மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி மலச்சிக்கல், தாகம், குமட்டல், சோர்வு வரும். சோர்வுக்குச் சாப்பிடும் மருந்தே சோர்வைத் தருவது நல்ல வேடிக்கை. போதும், அளவு பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பி12 மட்டும் எனக்கு உண்மையான அக்கறை. அம்மா பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், அது பி12ஐக் குறைக்கும், பேன்டோப்ரசோலும் நாள்பட்டால் குறைக்கும், குறைந்தால் அசதியும் கைகால் மரப்பும் வரும், அதைச் சிக்குன்குனியா தலையில் கட்டிவிடுவோம். இரத்தத்தில் பார்த்து, குறைவென்றால் கொடுத்தால் பலன் தெரியும். துத்தநாகம் கலந்த பலவைட்டமின் மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டால் கெடுதல் இல்லை, நன்மை நிரூபணமும் இல்லை. துத்தநாகம் தனியாக அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் தாமிரச் சத்து குறைந்துபோகும்.

முடிக்கான பயோட்டின் டப்பாவை மூடி வையுங்கள். பெரிய காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கமான விஷயம், வேர் சாகவில்லை, தானாகத் திரும்ப வளரும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கிவிடும். பயோட்டினில் இன்னொரு வில்லங்கம், பலருக்குத் தெரியாது: அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனை முடிவையே பொய்யாகக் காட்டும், தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோல். அசதிக்குத் தைராய்டு பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று நாளாவது முன்னதாக நிறுத்திவிட்டுப் போங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

மாமா அனுப்பிய கொலாஜன் பொடி புரதம்தான், வயிற்றில் மற்ற புரதம்போலவே செரிக்கும். க்ளூகோசமினுக்கு முழங்கால் தேய்மானத்திலேயே ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன, சிக்குன்குனியா வலிக்கு உருப்படியான ஆதாரம் கிடையாது, பெரும்பாலும் இறால் நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது என்பதால் அது ஒவ்வாதவர்கள் தொடக்கூடாது. மாமா மனம் நோகாமல் இருக்கத் திறந்த டப்பாவை முடித்துவிட்டுப் புதிதாக வாங்காதீர்கள். ஒமேகா மாத்திரைக்குப் பதில் நம் கடலில் சாளை (மத்தி மீன்) இருக்கிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்பு வைத்தால் புரதமும் வந்துவிடும். மரச்சீனிக்கிழங்கே மூன்று வேளையும் என்றால் சுகரும் ஏறும், தசையும் தேறாது. பாலில் மஞ்சள் போட்டுக் குடிப்பதில் ஒன்றுமில்லை, குடிக்கட்டும். மிளகுச் சத்து சேர்த்த செறிவான மஞ்சள் கேப்சூல் வேறு சங்கதி, அதனால் ஈரல் பாதித்தவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவுகள் உண்டு.

கஷாயம் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேசுகிறேன், இங்கே ஒரு பக்கம் பேசினால் இன்னொரு பக்கம் சண்டைக்கு வரும். வெளியே தேய்க்கும் கொட்டம்சுக்காதி தைலம் மாதிரியானவை இதமாக இருந்தால் தாராளமாகத் தேய்க்கலாம், சிவந்து கொதிக்கும் மூட்டில் அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் சரி. ராஸ்னேரண்டாதி கஷாயம் நம் பக்கத்தில் தலைமுறையாக வாதத்துக்குக் குடிப்பது, இதம் தெரிந்தது என்று சொல்பவர்களை நான் பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் சிக்குன்குனியா வலிக்கு என்று சரியாக ஒப்பிட்டுப் பார்த்த வலுவான சோதனை அதற்குப் பின்னால் இல்லை. அமிர்தாரிஷ்டம் வேறு. அதில் சீந்தில் உண்டு. 2021இல் மும்பை ஈரல் மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டு ஈரல் வீங்கியவர்களைப் பற்றி எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, வேறு கொடியோடு குழம்பியிருக்கலாம் என்றது. வழக்கு இன்னும் தீரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அரிஷ்டங்களில் புளிப்பில் தானாக விளையும் சாராயமும் கொஞ்சம் இருக்கும். ஆகவே மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கினால் அரிஷ்டத்தை நிறுத்துங்கள், இதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. பஸ்பம் சேர்ந்த மருந்து என்றால் சிறுநீரகம் சந்தேகமாக இருக்கும் இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். வைத்தியரிடம் ஆங்கில மருந்துகளின் பட்டியலையும், டாக்டரிடம் வைத்தியர் கொடுத்ததையும் காட்டுங்கள். திட்டினால் திட்டட்டும்.

அசதிக்கு மாத்திரை கேட்டிருந்தீர்கள். வைரஸுக்குப் பிந்திய அசதியைத் தூக்கி எறியும் மாத்திரை எதுவும் என் அலமாரியில் இல்லை. இரத்த சோகை, தைராய்டு, பி12, ஏறிக்கிடக்கும் சுகர், தூக்கமின்மை, நாலு மாத வலியில் வரும் மனச்சோர்வு, இவை ஒவ்வொன்றும் திருத்தக்கூடியது, அதனால் முதலில் அவற்றைத் தேட வேண்டும். மிச்சத்துக்கு வேலையை அளந்து செய்வதுதான். முந்நூறு மரம் வெட்டியவர் நல்லா இருக்கிற ஒரு நாளில் முந்நூறையும் வெட்டிவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பார், இதைப் பால்வெட்டுக்காரர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நூறு மரத்தில் தொடங்கி, மறுநாள் வலி கூடவில்லை என்றால் மட்டும் கூட்டட்டும். எழுந்ததும் கையைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்து விரலை மடக்கி நீட்டட்டும், கத்திப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரலை அவ்வளவு இறுக்க வேண்டியிருக்காது. இதற்குக் காசும் இல்லை, பக்கவிளைவும் இல்லை.

பார்க்க வேண்டிய பரிசோதனைகள்: முழு இரத்த அணு, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, கிரியாட்டினின், ஈரல், மூன்று மாதச் சுகர், தைராய்டு, பி12, வைட்டமின் டியோடு கால்சியம். ஆர்ஏ ஃபேக்டர் எடுத்துப் பாசிட்டிவ் வந்தால் உடனே வாதம் என்று அம்மா மறுபடி அழத் தொடங்க வேண்டாம், வைரஸுக்குப் பின் அது கொஞ்ச நாள் பாசிட்டிவாக வருவதுண்டு, ஆன்டி சிசிபி என்ற இன்னொன்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் நிபுணர் முடிவு சொல்வார். சிக்குன்குனியா மூட்டு எலும்பை அரிப்பதும் அரிதுதான். கறுப்பாக மலம் போவது, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, கண் சிவந்து வலித்துப் பார்வை மங்குவது, காய்ச்சல் திரும்புவது, ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனக் கொதித்து வீங்குவது, இதில் எது வந்தாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி.

இனி ஒரே ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுங்கள், மார்த்தாண்டமோ திருவனந்தபுரமோ, முடிந்தால் மூட்டுவாத நிபுணர். பதினோரு மருந்தையும் பொட்டலம் உட்பட ஒரு பையில் போட்டு அவர் மேசையில் கொட்டுங்கள். கிரியாட்டினின் முடிவு வந்ததும் எண்ணையும் அந்த வெள்ளை மாத்திரையின் போட்டோவையும் இங்கே போடுங்கள், மாத்திரையில் பதித்த எழுத்து ஏதாவது இருந்தால் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.